வாப்பா கவிஞரான பின்னேரம்

வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அன்று பள்ளிக்கூட மண்டபத்தில், மேடைக்கு முன்னால் விரித்திருந்த பாயில், தலையில் வெள்ளை முக்காட்டோடு எனக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். நான் எழும்பி நின்று கத்தியதைக் கேட்டீர்கள். ஒருத்தி என் பாவாடையைப் பிடித்து இழுத்து இருத்தப் பார்த்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி இருந்து சோறு தின்றுகொண்டிருந்தபோது உங்களில் ஒருத்திதான் கேட்டாள். "என்னகா, அன்டைக்கு உன்ட வாப்பாவ மேடையில நிக்க வெச்சு மானத்த வாங்கினியே, நினைப்பிரிக்கா?" எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், நானும் சேர்ந்து சிரித்தது எனக்குப் பொறுக்காமல் போயிற்று.

உங்களுக்குத் தெரிந்தது மண்டபத்தில் நடந்தது மட்டும். மற்றதெல்லாம் எங்கள் வேலிக்குள் நடந்தது. அதில் இருந்த பெரியவர்களில் இன்று ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. பேர் போடாம எழுது" என்றார். அதனால் இதில் யாருடைய பேரும் இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து வாப்பா மலைநாட்டுக்குப் புறப்பட்டதிலிருந்து மீலாத் விழாவுக்குத் திரும்பி வந்தது வரை ஒரு மூன்று மாதக் கதை இது. வாப்பா ஆண்கள் இடுப்பில் உடுக்கும் சாரம் விற்பவர். எங்கள் ஊர்த் தறிகளில் நெய்த சாரங்களைப் பொட்டணமாகக் கட்டித் தோளில் சுமந்து, தேயிலைத் தோட்டம் தோட்டமாக, வீட்டு வாசல் வாசலாகப் போய் விற்பார். இரண்டு பெருநாளுக்கும் மீலாதுக்கும் வீட்டுக்கு வருவார். வந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருப்பார். பிறகு வாசலில் பொட்டணம் கட்டும் சத்தம் கேட்கும். புதுச் சாரத்தின் கஞ்சி மணம் வீடெல்லாம் நிற்கும். அந்த மணம் போகுமுன்னே ஆள் போய்விடுவார்.

அவர் போனபின் வீட்டில் நாங்கள் நான்கு பேர். உம்மா, நான், துணி ஏணையில் கிடக்கும் தம்பி, சாச்சி. சாச்சி உம்மாவின் ஒரே தங்கச்சி. தாய் தகப்பன் மௌத்தான பிறகு எங்களோடுதான் இருந்தார். இருபத்தொரு வயது இருக்கும். பெரியபிள்ளையான அன்றே பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஆனால் படிப்பை நிறுத்த ஒருவராலும் முடியவில்லை. கடையிலிருந்து சீனி சுற்றி வந்த சரைக் காகிதத்தை ஈரம் படாமல் விரித்து, சுருக்கம் நீவி, அதிலுள்ளதை எல்லாம் வாசிப்பார். பாதியில் கிழிந்த கதைக்கு மீதியை அவரே எனக்குச் சொல்லுவார். மூன்று தரம் கேட்டால் மூன்று விதமான முடிவு வரும்.

உம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. குர்ஆன் ஓதுவார். தமிழ் எழுத்து அவருக்கு எறும்பு ஊர்வது போலத்தான்.

கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கரைவலை இழுப்பவர்கள் பாடும் கவி காற்றில் வந்து எங்கள் குசினி அடுப்பு வரைக்கும் கேட்கும். வயலில் நெற்சூடு மிதிக்கும்போதும் ஆண்கள் பாடுவார்கள் என்று வாப்பா சொல்லுவார். ஆண்கள் வெளியில் நின்று, தொண்டை திறந்து பாடினார்கள். எங்கள் பெண்களும் கவி கட்டினார்கள். ஆனால் அது வேலியைத் தாண்டாத குரலில் இருக்கும். உம்மா ஏணையை ஆட்டும்போது முணுமுணுப்பார். சாச்சி பக்கத்துத் தறிக்காரர் வீட்டுக்கு நூல் சுற்றிக் கொடுக்கும்போது முணுமுணுப்பார். நூல் சுற்றும் சில்லு வேகமெடுத்தால் கவியும் வேகமெடுக்கும். நூல் அறுந்தால் கவியும் நிற்கும். முடிச்சுப் போட்டபின் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். இரவில் அல்ல, பட்டப்பகலில், பருப்பு வேகும் நேரத்தில், ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் அதை எழுதிவைப்பார். அந்தக் கொப்பி அரிசிப் பெட்டிக்குள் இருக்கும். எந்தப் பக்கத்தை விரித்தாலும் தவிடு கொட்டும்.

எங்கள் வாசல் கதவின் கொண்டி தளர்ந்திருந்தது. பின்னேரம் கடற்காற்று எழும்பினால் அது டக் டக்கென்று அடிக்கும். அப்போதெல்லாம் உம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வருவார். கொண்டி கழன்றுவிட்டதா என்று பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

தமிழ் படிப்பித்த சேரை உங்களுக்கு நினைவிருக்கும். மெலிந்த மனுசன். பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வருவார். பாடத்தைவிடப் பாட்டில்தான் அவருக்கு உயிர். நல்ல குரல். அந்த வருஷம் அவருடைய வாசகர் வட்டம் மீலாத் விழாவுக்கு ஒரு சிறு மலர் அச்சடிக்கப்போவதாகவும், வீட்டிலுள்ள பெரியவர்கள் யாராவது கவி எழுதினால் கொண்டு வந்து தரும்படியும் வகுப்பில் சொன்னார். நல்ல கவிக்கு மேடையில் பொன்னாடை போர்த்துவார்களாம்.

நான் வீட்டுக்கு ஓடி வந்து சாச்சியிடம் சொன்னேன். சாச்சி சில்லைச் சுழற்றத் தொடங்கினார். மூன்று நாள் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. நாலாம் நாள் காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டு, நாலாக மடித்த ஒரு தாளை என் புத்தகப் பையில் வைத்தார்.

"ஆரு எழுதின எண்டு சேர் கேட்டா, சாச்சி?"

"எங்கட ஊட்டாள் எண்டு சொல்லு. வேற ஒண்டும் சொல்லாத."

எட்டே வரி. இன்றும் எனக்கு மனப்பாடம்.

உப்புக் காற்று கதவைத் தட்டும்
ஒவ்வொரு தட்டும் நீங்களென்று
ஓடி வந்து கொண்டி திறந்தால்
வெயிலைத்தானே உள்ளே விட்டேன்.

ரெண்டு பீங்கான் எடுத்து வைப்பேன்
ஒன்றில்தான் சோறு படும்
மற்றதையும் கழுவி வைப்பேன்
மனுசர் தின்றது போலிருக்க.

சேர் அதை விறாந்தையில் நின்றபடி வாசித்தார். வாசித்துவிட்டு மறுபடி முதல் வரிக்குப் போனார். பிறகு என்னைக் குனிந்து பார்த்தார்.

"வாப்பாவா எழுதின?"

நான் என் காலைப் பார்த்தேன். "எங்கட ஊட்டாள் சேர்."

"வாப்பாதான்" என்று அவரே முடிவுகட்டினார். "ஊரு ஊராப் போற மனுசன். ஊட்டில இருக்கிறவட நினைப்பு வரும்தானே." பக்கத்தில் நின்ற கணக்குப் பாட சேரிடம் தாளை நீட்டினார். "பாருங்க இத. பொம்புளட மனச இவ்வளவு கண்டு எழுத ஒரு ஆம்புளையாலதான் ஏலும். பொம்புளையளுக்கு அழத் தெரியும். அழுறத எழுதத் தெரியா."

நான் அதை எழுத்துப் பிசகாமல் சாச்சியிடம் வந்து சொன்னேன். சாச்சி சிரித்தார். சில்லைச் சுழற்றியபடியே சிரித்து, நூல் அறுந்து, முடிச்சுப் போடும்போதும் சிரித்தார். பிறகு முகம் மாறியது.

"அப்ப மச்சான்ட பேரிலயா வரும்?"

"நான் போய்ச் சொல்லட்டா, சாச்சி?"

கொஞ்ச நேரம் சில்லு சும்மா சுழன்றது. "வேணாம். கிடக்கட்டும். அச்சில வரட்டும்" என்றார்.

அந்த நாட்களில் சாச்சிக்கு ஊரிலேயே ஒரு இடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். மாப்பிள்ளையின் உம்மா இரண்டு தரம் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருந்தார். எல்லாம் கூடிவரும்போல் இருந்தது.

மலர் அச்சாகி வந்தது. வாப்பாவின் பேர், அதன் கீழே எட்டு வரி. தேத்தண்ணிக் கடையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். இரண்டு நாளில் தறிக் கொட்டில்களுக்குள்ளும் அது போய்விட்டது. ஒரு பின்னேரம் பக்கத்து வளவில் தறி அடிப்பவர் அதைப் பாடிக்கொண்டு நெய்வது வளவில் நின்ற எனக்கும் சாச்சிக்கும் கேட்டது; உம்மா உள்ளே தம்பியை ஆட்டிக்கொண்டிருந்தார். சாச்சி வேலியோரம் போய், கிடுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பாட்டு முடியும்வரை அசையவில்லை. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் எங்கள் வீட்டில் நான் கண்டதில்லை.

"ஒரு சொல்லப் பிழையாப் பாடுறான்" என்றார் கடைசியில். ஆனால் அதில் கோபம் இல்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு வாப்பா வந்தார். சளிப்பிடித்த குரலும், பொட்டணத்தில் தேயிலைத்தூள் மணமுமாக வந்தார். அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனவர் ஒரு மலரைக் கையில் பிடித்துக்கொண்டு குழம்பிய முகத்தோடு திரும்பினார்.

"என்ன இது? சேர் கையப் பிடிச்சிக்கிட்டு உடுறாரில்ல. மறைஞ்சிருந்த கவிஞராம் நான். ஆரு குடுத்த இத?"

உம்மா என்னைப் பார்த்தார். நான் சாச்சியைப் பார்த்தேன். சாச்சி நூலைப் பார்த்தார்.

"சரி, வாசி புள்ள, என்னதான் எழுதியிரிக்கி எண்டு பாப்பம்" என்று வாப்பா மலரை என்னிடம் தந்தார்.

நான் பாயில் இருந்து வாசித்தேன். உப்புக் காற்று என்று தொடங்கி இரண்டாம் வரிக்கு வருமுன்னே உம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். வாளியில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தது. வாப்பா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் பெருமூச்சு விட்டார்.

"நல்லாத்தான் இரிக்கி. பாவம் அந்தப் பொம்புள. எவனோ பொஞ்சாதிய உட்டுட்டு எங்கயோ போய்க் கிடக்கான்."

அவர் அதைப் பகடியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். பிறகு, "பேர் மாறிப் போயிருக்கி. நாளைக்குச் சேரிட்டச் சொல்லுவன், நான் இல்ல எண்டு" என்றார். சொல்லத்தான் நினைத்தார் என்பதை இன்றும் நம்புகிறேன்.

விழாப் பின்னேரம் உங்களுக்குத் தெரியும். நபி புகழ் பைத் ஓதினார்கள், றபான் மேளம் அடித்தார்கள். மண்டபத்தின் ஒரு பக்கம் திரைக்குப் பின்னால் பெண்கள் இருந்தார்கள். உம்மாவும் சாச்சியும் வரவில்லை. தம்பிக்குக் காய்ச்சல் என்று உம்மா சொன்னார். அவனுக்குக் காய்ச்சல் இல்லை.

பொன்னாடை போர்த்துவதற்கு முன் சேர் அந்தக் கவியைத் தானே பாடினார். பாட்டு மெட்டு மாறியிருந்தது. சாச்சியின் மெட்டு சில்லு சுழல்வது போல ஒரே சீராகப் போகும். அதில் அந்தப் பெண் யாரிடமும் கெஞ்சுவதில்லை. நடப்பதைச் சொல்லிக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பாள். சேர் பாடியபோது அவள் அழுதாள், இழுத்தாள், கதவில் தலையை முட்டினாள். 'நீங்களென்று' என்ற இடத்தில் சேரின் குரல் நடுங்கியது. ஆண்கள் "ஆஹ்" என்றார்கள். நான் அன்று இதையெல்லாம் இப்படிப் பிரித்து அறிந்தேன் என்று சொல்லமாட்டேன். இது எங்கள் வீட்டுப் பாட்டு இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

வாப்பாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஏறினார். பொன்னாடையைப் போர்த்தினார்கள். கைதட்டல் நிற்கவே இல்லை. ஒலிபெருக்கியை அவருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். இப்போது சொல்லுவார், நான் எழுதவில்லை என்று சொல்லுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாப்பா தொண்டையைச் செருமினார். "அல்ஹம்துலில்லாஹ். நான் பெரிசாப் படிச்ச ஆளில்ல. ஏதோ வழியில போகக்குள்ள மனசில வந்த..."

"பொய்! அது சாச்சிட பாட்டு! எங்கட சாச்சி கட்டின!"

அதுதான் நீங்கள் கேட்டது.

வாப்பாவை இத்தனை வருஷமும் நான் பொய்க்காரனாகத்தான் நினைவில் வைத்திருந்தேன். இப்போது அவருடைய அன்றைய வயதைவிட எனக்கு இருபது வயது கூட. இப்போதுதான் மேடையில் நின்ற ஆளைப் பார்க்க முடிகிறது. வாழ்நாளெல்லாம் தோளில் துணி சுமந்து, அந்நியர் வாசலில் நாய் குரைக்க நின்றவர் அவர். அந்தத் தோளில் முதல் தடவையாக ஊர் ஒரு துணியைப் போர்த்துகிறது. அந்த ஒரு நிமிஷம் அவருக்கு நாக்குப் புரண்டது. அதை மன்னிக்கப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது.

மண்டபம் முதலில் சிரித்தது. பிறகு சத்தம் அடங்கியது. அடங்கியதுதான் பயங்கரம். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண், "அந்தக் கொமரா? கல்யாணம் முடிக்காதவளா?" என்று கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

வாப்பா மஃரிப் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தார். எனக்கு அடி விழும் என்று அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். என்னை அவர் பார்க்கவே இல்லை. பொன்னாடையை மடித்து மேசையில் வைத்தார். சாச்சியைக் கூப்பிட்டார்.

"நீயா எழுதின?"

"ஓம் மச்சான்."

"ஆர நினைச்சு எழுதின?"

உம்மா ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. ஏணை தானாக இரண்டு தரம் ஆடி ஓய்ந்தது.

"ஒருத்தரையும் இல்ல மச்சான். சும்மா கட்டின."

"சும்மா இப்பிடி வருமா? கதவத் தட்டுறாராம், இவ ஓடிப் போய்க் கொண்டி திறக்கிறாவாம். கொமரு எழுதுற எழுத்தா இது? ஊரெல்லாம் கேக்குது, ஆரு அந்த ஆள் எண்டு. நான் என்ன சொல்ல?"

சாச்சி வாயைத் திறந்தார். உம்மாவைப் பார்த்தார். உம்மா தலையை ஆட்டவுமில்லை, கண்ணைக் காட்டவுமில்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாச்சி வாயை மூடிக்கொண்டார்.

"கொப்பியக் கொண்டு வா" என்றார் வாப்பா.

சாச்சி கொண்டுவந்து கொடுத்தார். வாப்பா அதைத் திறந்தும் பார்க்காமல் உம்மாவிடம் நீட்டினார். உம்மா எழும்பி, அதை வாங்கி, குசினிக்குப் போய், சோற்றுப் பானைக்குக் கீழே எரிந்த அடுப்பில் வைத்தார். ஒருமுறைக்கு ஒரு தாளாக இல்லை. மொத்தமாக வைத்தார். தவிடு பொரியும் மணம் வந்தது. அன்று அந்தச் சோற்றைத்தான் நாங்கள் தின்றோம்.

எட்டு வரியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வாப்பாவின் பேர் மேலே இருந்தபோது எல்லோரும் அந்தப் பெண்ணுக்காகப் பரிதாபப்பட்டார்கள். எழுதியவரைப் பாராட்டினார்கள். அது சாச்சியின் பாட்டு என்று தெரிந்ததும் பாட்டை ஒருவரும் கேட்கவில்லை. அதற்குள் ஓர் ஆணைத் தேடினார்கள். மீன் விற்பவரா, நூல் கொண்டு வருபவரா, சைக்கிளில் வரும் சேரேதானா என்றுகூடக் கதைத்தார்கள். தறிக் கொட்டிலில் பாட்டு நின்றது. மறுநாள் சேர் எங்கள் வேலிக்கு வெளியே வந்து நின்று, உள்ளே கேட்கும்படியாக, "கவியில குத்தம் இல்ல. முதலே தெரிஞ்சிருந்தா போட்டிரிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

எழுதுவினைஞர் வீட்டிலிருந்து, "இப்ப அவசரப்படேலா" என்று ஓர் ஆள் வந்து சொன்னார். இரண்டு மாதத்துக்குள் சாச்சிக்கு வயலூரான சம்மாந்துறையில், மனைவி மௌத்தாகி இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒருவரோடு நிக்காஹ் நடந்தது. நெல் மில்லில் வேலை செய்தவர். நமது வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். சாச்சி மட்டும் வீட்டையும் ஊரையும் கடலையும் விட்டுப் போனார். வாகனத்தில் ஏறும்போது என் கன்னத்தைத் தொட்டார். குரவை போட வந்த பெண்கள் அரைகுறையாகப் போட்டார்கள்.

சாச்சி போய் ஒரு கிழமை இருக்கும். வாப்பாவும் போய்விட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உள் அறையில் உம்மா தம்பியை ஆட்டிக்கொண்டிருந்தார். முணுமுணுப்பு வழமைபோல்தான் கேட்டது. ஆனால் வீட்டில் சில்லுச் சத்தம் இல்லாததால் அன்று முதல் தடவையாகச் சொற்கள் கேட்டன.

"காத்துத்தான் மகனே தட்டுது, வாப்பா இல்ல. வாப்பா எண்டு ஓடினன், வெயில்தான் நிண்ட. வாப்பாட பீங்கானக் கழுவி வெச்சன் மகனே, தின்னாத பீங்கானக் கழுவி வெச்சன்..."

சோறு கையில் இருக்க எழும்பிப் போனேன். "உம்மா, இது சாச்சிட பாட்டு."

உம்மா ஆட்டுவதை நிறுத்தவில்லை. "இது பாட்டில்ல. புள்ள உறங்கச் சொல்றது."

"சாச்சி கட்டினதுதானே?"

"அவ கட்ட முந்தியே நான் சொல்லிக்கிட்டிருந்த. நீ குழந்தயா இருக்கக்குள்ளயே சொன்ன." பிறகு மெதுவாகச் சொன்னார். "வாப்பாட்டச் சொல்லிராத மகள். மூணு புள்ளையப் பெத்து ஒண்ட மண்ணுக்குக் குடுத்திட்டு இருக்கிற பொம்புள, புருசனத் தேடி இப்பிடிச் சொன்னா எண்டு ஊர் சிரிக்கும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊர் தேடிய ஆள் எங்கள் வாப்பாதான். 'எவனோ' என்று அவர் பரிதாபப்பட்ட ஆள் அவரேதான். கொண்டி திறந்தது உம்மா. சாச்சி கேட்டுக்கொண்டிருந்தார், கோத்தார், அவ்வளவுதான். அதை இருவரில் ஒருவர் வாய் திறந்து சொல்லியிருந்தால் சாச்சி தப்பியிருப்பார். உம்மா மாட்டியிருப்பார். இருவருக்கும் அது தெரிந்திருந்தது.

அன்று நான் வாயை மூடிக்கொண்டேன். மூட வேண்டிய நாளில் மூடாமல், பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் மூடியிருந்தேன்.

நானும் தமிழ் ஆசிரியையானேன். பெண்ணின் குரலில் ஆண்கள் பாடிய எத்தனையோ பழைய பாட்டுகளைப் பிள்ளைகளுக்கு விளக்கினேன். ஒரு மாணவி ஒரு நாள், "டீச்சர், இதையே ஒரு பொம்புள எழுதியிருந்தா பாடப் புத்தகத்தில போட்டிருப்பாங்களா?" என்று கேட்டாள். சோதனைக்கு அது வராது என்று சொல்லி அடுத்த பாட்டுக்குப் போனேன். எனக்கு விடை தெரியாமல் இல்லை.

வாப்பா மௌத்தானார். பல வருஷம் கழித்து உம்மாவும் மௌத்தானார். சாச்சியின் வீட்டுக்கு நல்லது கெட்டதுக்குப் போய் வருவேன். அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவரும் எடுத்ததில்லை. நெல் மில்லுக்காரர் நல்ல மனுசனாகத்தான் இருந்தார். மூத்த தாரத்துப் பிள்ளைகள் இருவரும் சாச்சியைத்தான் உம்மா என்று கூப்பிட்டார்கள்.

கல்யாண வீட்டில் நாம் சிரித்துவிட்டு வந்த அடுத்த நாள் நான் சம்மாந்துறைக்குப் போனேன். சாச்சி விறாந்தையில் கதிரையில் இருந்தார். கண் ஒன்று பழுது. காது நன்றாகக் கேட்கிறது. நான் அவருடைய காலடியில் பாயைப் போட்டு இருந்து, "சாச்சி, என்ன மன்னிச்சிருங்க" என்றேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

"கோவம் இல்ல எண்டு சொன்னா பொய்யாப் போகும்" என்றார். "ஏழெட்டு வருசம் இருந்த. உன்ட சத்தத்தக் கேட்டாலே எழும்பிக் குசினிக்குள்ள போயிருவன். மறுகா புள்ளையள் பிறந்து, வேலையும் கூடி, எப்ப போன எண்டு தெரியா."

"உம்மாவில கோவம் வரல்லையா?"

"ராத்தாவிலயா?" சாச்சி ரோட்டைப் பார்த்தார். உழவு இயந்திரம் ஒன்று நெல் மூட்டைகளோடு போய் மறையும்வரை காத்திருந்தார். "ராத்தாட சொல்லத் திருடின நான். கேக்காம எடுத்த. அவட அழுகைய ஊருக்குள்ள உட்ட. அப்ப ஆருக்குக் கோவம் வரணும்?"

"அப்ப அது உம்மாட பாட்டா?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சிக்கிட்டு இருந்த. உங்கட உம்மா கிடையில கிடக்கக்குள்ள நான் வந்து நாலு நாள் நிண்டன்தானே. ஒரு நாள் லுஹர் தொழுத பிறகு, நீங்க ஒருத்தரும் இல்லாத நேரம், 'அந்தக் கவிய எனக்கு ஒருக்காச் சொல்லு புள்ள. நான் அத முழுசாக் கேட்டதே இல்ல' எண்டு சொன்னா."

ஊரே கேட்டது. தறிக்காரர் பாடினார். சேர் ஒலிபெருக்கியில் பாடினார். அதை முழுசாகக் கேளாமல் இருந்தது உம்மா மட்டும்தான் என்பது அந்த நிமிஷம்வரை என் புத்தியில் ஏறவே இல்லை.

"சொன்னீங்களா?"

"சொன்ன. என்ட மெட்டிலயே சொன்ன. எட்டு வரியும் சொன்ன. கண்ணால தண்ணி ஓடுது அவக்கு. முடிஞ்ச பிறகு கனநேரம் கதைக்கல்ல. ஏசப்போறா எண்டு நினைச்சன். என்ட கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னா..."

சாச்சி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு உம்மாவின் குரலிலேயே, அந்த இழுவையோடு சொன்னார்.

"'இது நான் இல்ல புள்ள. நான் இவ்வளவு வடிவாவா அழுத? இது நீதான்.'"